கியோம் த மஷோ: கணக்கு வாத்தியாரா, காதல் கவிஞரா?

வாசகர் கேள்வி
3 பிப்ரவரி 2024

கியோம் த மஷோ என்ற 14-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக்காரர் கத்தோலிக்கக் கோயில் வழிபாட்டுக்கு எழுதிய திருப்பலி இசையை இந்த வாரம் மூன்று தடவை கேட்டேன். நான்கு குரல், நாலும் நாலு பக்கம் இழுக்கின்றன. சுர வரிசை ஒரு சக்கரம், கால அளவு இன்னொரு சக்கரம், இரண்டும் தனித்தனியாகச் சுழல்கின்றன என்று படம் போட்டு விளக்குகிறார்கள். எனக்கென்னவோ கணக்கு வாத்தியார் வாய்ப்பாடு பாடுவதுபோல இருக்கிறது. இவரைப் பெரிய காதல் கவிஞர் என்று வேறு சொல்கிறார்களே, அந்தக் காதல் எங்கே?

3 பிப்ரவரி 2024, இரவு

தப்பான வாசல் வழியாக உள்ளே போயிருக்கிறீர்கள். திருப்பலி கடைசியாகக் கேட்க வேண்டியது. 1364-இல் பிரெஞ்சு அரசர் ஐந்தாம் சார்லஸ் முடிசூட்டிக்கொண்டபோது பாட எழுதியது அது. அரச விழா, பேராலயம், பெரிய மனிதர்கள்; அங்கே போய்க் காதலைத் தேடினால் எப்படி?

'தூஸ் தாம் ஜோலி' கேளுங்கள். ஒரே குரல், சின்னப் பாட்டு. கேட்டுவிட்டு வந்து வாய்ப்பாடு என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

இன்னொன்று. பெயரை நீங்கள் சரியாக எழுதியிருக்கிறீர்கள், நன்றி. மச்சாட் என்று எழுதுகிறவர்களே அதிகம். பாரிஸ் புறநகரில் நான் பாடும் குழுவில் நான் ஒருவன்தான் தமிழன். மனதுக்குள் எனக்கு அவர் மச்சான்தான்.

4 பிப்ரவரி 2024

கேட்டீர்களாம், ஆடத் தோன்றியதாம். தோன்றும். ஐரோப்பாவில் 'இடைக்காலச் சந்தை' என்று நடத்துகிற இடமெல்லாம் இந்தப் பாட்டுக்கு முரசு அடித்துக் குதிப்பார்கள். ஆனால் வார்த்தை என்ன தெரியுமா? இனியவளே, கடவுள் சத்தியமாக உன்னைத் தவிர வேறு யாரும் என்னை ஆள்வதாக நினைத்துவிடாதே, உன்னிடம் கள்ளமில்லாமல் அடிமை செய்தேன், நீ இரங்கவில்லை என்று முழுக்கக் கெஞ்சல். கெஞ்சலை ஆட்ட மெட்டில் போட்டிருக்கிறார். விர்லே என்ற அந்த வடிவமே ஆட்டத்திலிருந்து வந்தது. பல்லவி, நடுவே வேறு மெட்டில் இரண்டு கண்ணி, திரும்பப் பழைய மெட்டு, மறுபடி பல்லவி. இவர் இசையோடு விட்டுப்போன 33 விர்லேகளில் பெரும்பாலானவை இப்படி ஒற்றைக் குரல்தான்.

6 பிப்ரவரி 2024

இவருடைய வாழ்க்கையைக் கேட்டவருக்கு. இரவு இரண்டு மணி, ஓட்டல் வரவேற்பு மேசையில் ஆள் நடமாட்டம் இல்லை, எழுதலாம்.

1300 வாக்கில் பிறந்தவர். ஊர் ஷம்பாஞ் பகுதி. ரான்ஸ் நகருக்கு வடகிழக்கே மஷோ என்றே ஒரு கிராமம் இன்றும் இருக்கிறது. படித்த பையன், பிரபு வம்சம் இல்லை. 1323 வாக்கில் போஹீமிய அரசர், லக்சம்பர்க் ஜானிடம் எழுத்தராகச் சேர்கிறார். இந்த ஜான் ஓர் இடத்தில் உட்காராத மனிதர். பிராக், போலந்து, லித்துவேனியா, இத்தாலி என்று எங்கே சண்டையோ அங்கே போவார். பின்னால் மச்சானும் கணக்கு, கடிதம், மைக்கூடு சகிதம். லித்துவேனியப் போரை நேரில் பார்த்ததாகப் பிற்பாடு ஒரு நெடுங்கவிதையில் சொல்லியிருக்கிறார்.

அரசரின் சிபாரிசில் திருத்தந்தையிடமிருந்து பதவி வாக்குறுதிகள் வருகின்றன. 1330-இல் வெர்டன், பிறகு அராஸ், பிறகு ரான்ஸ். ரான்ஸ் பேராலயத்தில் 'கனான்' பதவி. பேராலயக் குருமன்றத்தில் இடம், நிலையான வருமானம். 1337-இல் அது கைக்கு வந்தது. 1340 வாக்கிலிருந்து அந்த ஊரிலேயே தங்கிவிட்டார். தம்பி ழானும் அங்கேயே கனான்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம்: 1330-இல் பதவி வாக்குறுதி கொடுத்த திருத்தந்தை இருபத்திரண்டாம் யோவான்தான், 1324-25-இல் புது இசையைத் திட்டி ஆணை போட்டவரும். சின்னச் சின்ன வேகச் சுரங்களாக நறுக்குகிறார்கள், 'ஓக்கே' போட்டு மெட்டைத் துண்டு துண்டாக வெட்டுகிறார்கள் என்பது அவர் புகார். ஒரு குரல் பாடும்போது இன்னொன்று வாயை மூட, அது மூடும்போது இது திறக்க, இப்படி மாறி மாறி வெட்டிப் பாடுவதுதான் ஓக்கே. பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்கு விக்கல் என்று பொருள். மச்சான் அதை ஏகத்துக்கும் பயன்படுத்தியவர். வார்த்தையே இல்லாத, முழு விக்கலான ஒரு துண்டு 'தாவீது ஓக்கே' என்ற பெயரில் இருக்கிறது.

1346-இல் கிரேசிப் போரில் ஜான் இறந்தார். அப்போது அவருக்கு இரண்டு கண்ணும் தெரியாது. குதிரையைப் பக்கத்து வீரர்களின் குதிரைகளோடு கட்டச் சொல்லி, அப்படியே

ஆள் வந்துவிட்டார்.

6 பிப்ரவரி 2024, காலை

விட்ட இடம்: கட்டச் சொல்லி, அப்படியே சண்டைக்குள் போனார் என்று அந்தக் கால வரலாறு எழுதிய ஃப்ருவாசார் எழுதி வைத்திருக்கிறார். ஜானுக்குப் பிறகு அவர் மகள் போன், நவார் அரசர் சார்லஸ், பெர்ரி கோமகன் என்று ஆதரவாளர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். இங்கிலாந்தின் மூன்றாம் எட்வர்டு 1359 டிசம்பரில் ரான்ஸை முற்றுகையிட்டபோது மச்சானுக்குக் கிட்டத்தட்ட அறுபது வயது. இந்த வயதில் கவசம் மாட்டிக்கொண்டு காவல் நிற்கச் சொல்கிறார்களே என்று ஒரு புலம்பல் பாட்டில் அலுத்துக்கொள்கிறார். 1377 ஏப்ரலில் இறந்தார்.

6 பிப்ரவரி 2024, சற்றுப் பிறகு

முதல் பதிவில் முடிசூட்டு விழா என்று எழுதினேன் அல்லவா, அதை அடித்துவிடுங்கள். பழைய இசைத்தட்டு உறையில் படித்தது மண்டையில் ஒட்டிக்கொண்டது. அதற்கு ஆதாரமே கிடையாது. கன்னி மரியாவுக்காகப் பேராலயத்தில் சனிக்கிழமை தோறும் நடந்த திருப்பலியோடுதான் ஆய்வாளர்கள் இதை இணைக்கிறார்கள். தனக்கும் தம்பிக்கும் சாவுக்குப் பிறகும் அந்த வழிபாடு தொடரட்டும் என்று பணம் எழுதி வைத்திருக்கிறார். ஆக அரச விழா இல்லை. வயதான சகோதரர்கள் இருவரின் ஆன்ம இளைப்பாற்றிக்கான ஏற்பாடு. நான் 'அங்கே காதலைத் தேடாதீர்கள்' என்று அடித்துப் பேசியதும் கொஞ்சம் ஆட்டம் காண்கிறது. பார்க்கலாம்.

9 பிப்ரவரி 2024

கணக்கு விஷயத்துக்கு வருகிறேன். வெளியிலிருந்து கேட்பதும் உள்ளே நின்று பாடுவதும் வேறு வேறு.

இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் குழு அந்தத் திருப்பலியின் முதல் பகுதியை எடுத்தது. கீரியே, நம் கோயில்களில் 'ஆண்டவரே இரக்கமாயிரும்' என்போமே, அது. எனக்கு டெனர் வரிசை. டெனர் என்றால் இன்று நாம் சொல்லும் உச்சக் குரல் என்று எண்ண வேண்டாம். லத்தீனில் 'பிடித்துக்கொள்' என்ற சொல்லிலிருந்து வந்தது. பழைய வழிபாட்டு மெட்டு ஒன்றை நீட்டி நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், மற்றவர்கள் அதன்மேல் ஓடுவார்கள்.

தாளைப் பார்த்தேன். முதல் கீரியேயில் எனக்கு மொத்தமே 28 சுரம். அந்த 28-ம் நான்கு நான்காகப் பிரிந்து, ஒரே கால அளவில் ஏழு தடவை வருகிறது. இவ்வளவுதானா என்று நினைத்தேன். முதல் ஒத்திகையில் மூன்றாவது சுற்றிலேயே தொலைந்து போனேன். மேலே இரண்டு குரல் விக்கிக்கொண்டு, குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. பக்கத்தில் நிற்கும் கோந்த்ராதெனோர், அதாவது டெனருக்கு எதிராகப் பாடும் நான்காவது குரல், என் சுரத்துக்கு மேலேயும் கீழேயும் தாவுகிறார். எண்ணினால் அவர்கள் கலைக்கிறார்கள், எண்ணாவிட்டால் நான் கலைகிறேன். தொடையில் விரலை மடக்கி மடக்கி எண்ணினேன். எங்களை நடத்தும் அம்மா அதைப் பார்த்துவிட்டு, 'எண்ணாதே, மூச்சு விடு. ஒரு சுற்றுக்கு ஒரு மூச்சு' என்றார்.

நாலைந்து வாரம் கழித்து ஒரு நாள் அது தானாக வந்தது. ஏழு மூச்சு, ஏழு சுற்று. கடைசிச் சுரத்தில் வந்து நிற்கும்போது மேலே இரண்டு குரல்கள் அரைச் சுரம் அரைச் சுரமாக ஒரே நேரத்தில் ஏறி என்னோடு பொருந்தும். நான் ஒரு படி கீழே இறங்குகிறேன், அவர்கள் இருவரும் ஏறுகிறார்கள். இறங்கிய இடத்தில் மூவரும் ஐந்தாம் சுரமும் எட்டாம் சுரமுமாகக் காலியாக நிற்கிறோம், நடுவில் இனிப்புக்கென்று ஒரு சுரமும் கிடையாது. அந்த இடத்துக்கு முந்தைய நொடியில் பல் கூசும். அம்மா அந்த ஏறும் சுரத்தை இன்னும் ஒட்டிப் பாடச் சொல்வார், 'கதவிடுக்கில் விரல் மாட்டின மாதிரி'. கூசின பிறகு வரும் அந்தக் காலி ஒலி இருக்கிறதே, முதுகில் தெரியும்.

சுழற்சி எதற்கு என்று நீங்கள் கேட்டீர்கள். சுர வரிசைக்குக் 'கொலோர்' என்று பெயர், நிறம் என்று பொருள். கால வரிசைக்குத் 'தாலேயா'. மெட்டில் 18 சுரமும் கால வரிசையில் 12-ம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மெட்டு இரண்டு தடவை முடியும்போது கால வரிசை மூன்று தடவை முடிந்திருக்கும். ஆக, இரண்டாம் முறை வரும் அதே மெட்டு வேறு நடையில் வரும். கேட்பவருக்கு ஏதோ திரும்பி வந்தது போலவும் இருக்கும், புதிதாகவும் இருக்கும். மோட்டெட் என்ற வகையில் 23 எழுதியிருக்கிறார், பெரும்பாலானவை இப்படித்தான். பலவற்றில் மேலே இரண்டு குரல்கள் ஒரே நேரத்தில் இரண்டு வெவ்வேறு பிரெஞ்சுக் காதல் பாட்டுகளைப் பாடும், கீழே டெனர் லத்தீன் வழிபாட்டு மெட்டை இழுக்கும். மூன்று வானொலி ஒன்றாகத் திறந்து வைத்த கதை. வார்த்தை புரியவில்லை என்று வருத்தப்படாதீர்கள், பிரெஞ்சுக்காரர்களுக்கும் புரியாது.

10 பிப்ரவரி 2024

'தாலேயா என்பது தாளம்தானே, பெயரே ஒத்து வருகிறதே' என்று ஒருவர். இல்லை. ஒலி ஒற்றுமை மட்டும்தான். தாளம் எல்லோருக்கும் பொது, தட்டலாம். தாலேயா டெனர் ஒருவனுடைய சுமை, மேலே இருப்பவர்களுக்கு அது தெரியவே தெரியாமலும் இருக்கலாம். இதைத் தொடங்கினால் இங்கிருந்தே எல்லாம் போயிற்று என்று நிரூபிக்க நாலு பேர் வருவார்கள், வேண்டாம்.

14 பிப்ரவரி 2024

தேதிக்குப் பொருத்தமாக ஒரு செர்ரி மரம்.

1363-65-இல் 'வுவார் தீ' என்று ஒரு நூல் எழுதினார். 'உண்மைக் கதை' என்று பொருள். ஏறக்குறைய 9,000 வரி; நடுநடுவே பாட்டு, நடுநடுவே உரைநடையில் 46 கடிதங்கள். கதைத் தலைவர் அவரே. வயது அறுபதை ஒட்டி, கீல்வாதம், ஒரு கண் தெரியாது. எங்கோ இருக்கும் ஓர் இளம்பெண், அவரை நேரில் பாராமலே, கவிதையைப் படித்துவிட்டு ஒரு ரோந்தோ, அதாவது பல்லவி திரும்பத் திரும்ப வரும் சின்னப் பாட்டு, எழுதி அனுப்புகிறாள். கிழவருக்கு உடம்பு தேறிவிடுகிறது. கடிதம் போகிறது, வருகிறது. அவள் தன் படத்தை அனுப்புகிறாள், கட்டிலுக்கு மேலே மாட்டிக்கொள்கிறார்.

ஒருவழியாகச் சந்திக்கிறார்கள். செர்ரி மர நிழலில் அவள் அவர் மடியில் தலை வைத்துத் தூங்குகிறாள். அவருடைய உதவியாளர் ஒரு பச்சை இலையைப் பறித்து அவள் உதட்டின்மேல் வைத்து, 'இந்த இலைக்கு முத்தம் கொடுங்கள்' என்கிறார். இவர் பயந்து பயந்து குனிகிறார். குனிந்த நேரத்தில் உதவியாளர் இலையை உருவிவிடுகிறார்.

அறுபது வயதுக்காரர், தன்னைப் பற்றித் தானே எழுதியது இது. தன்னை இவ்வளவு அசடாகக் காட்டிக்கொள்ளும் துணிச்சல் எத்தனை பேருக்கு இருக்கும்?

15 பிப்ரவரி 2024

'துணிச்சலா? அறுபது வயது ஆணும் இருபதுகூட ஆகாத பெண்ணும். இதை ரசிக்கச் சொல்கிறீர்களா?' என்று கேட்டவருக்கு: நேற்று ரசித்துத்தான் எழுதினேன். இன்று காலை வீட்டுக்கு வரும் ரயிலில் என் மகள் வயது நினைவுக்கு வந்தது. அதனால் உங்கள் கேள்வியை அப்படியே வைத்துக்கொள்கிறேன், சமாதானம் சொல்லப் போவதில்லை.

ஒன்று மட்டும். அந்தப் புத்தகமே இவரை நம்புவதில்லை. அவள் படம் கனவில் வந்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. நீல உடை பச்சையாகிவிடுகிறது. அந்தக் காலத்தில் நீலம் உறுதிக்கு, பச்சை மாறும் மனதுக்கு. பிறகு ஊரில் நாலு பேர் சொன்னதைக் கேட்டுச் சந்தேகப்படுகிறார், அவள் கடிதத்தில் சண்டை போடுகிறாள். அவள் நிஜமா, அவர் கற்பனையா என்று இன்றுவரை வழக்கு நடக்கிறது. உண்மைக் கதை என்று பெயர் வைத்தவுடனே எனக்கும் சந்தேகம் வந்துவிடும்.

16 பிப்ரவரி 2024

கணக்கு வாத்தியார் என்றீர்களே, உங்களுக்குத் தீனி.

அந்த நூலில் வரும் ஒரு ரோந்தோ 'பதினேழு, ஐந்து, பதின்மூன்று, பதினான்கு, பதினைந்து' என்று தொடங்குகிறது. காதல் பாட்டின் முதல் வரி! பிரெஞ்சு நெடுங்கணக்கில் ஐ-யும் ஜே-யும் அன்று ஒரே எழுத்து. அதை வைத்து எண்ணுங்கள். 17 ஆர், 5 ஈ, 13 என், 14 ஓ, 15 பி. கலைத்து அடுக்கினால் பெரோன். அவள் பெயர். ஊர் வாய்க்குப் பயந்து பெயரை எண்ணுக்குள் பூட்டி, அதை மூன்று குரலில் மெட்டுப் போட்டுப் பாட வைத்திருக்கிறார். பள்ளிக்கூடப் பெஞ்சில் பெயரைச் சங்கேதமாகச் செதுக்கின ஆட்களுக்கு இது புரியும்.

22 பிப்ரவரி 2024

மாலைமாற்று பிடிக்கும் ஆட்களுக்கு. 'மா ஃபே(ன்) எ மோ(ன்) கொமான்ஸ்மா(ன்)', அதாவது 'என் முடிவு என் தொடக்கம்'. மூன்று குரல் ரோந்தோ. மேல் குரல் பாடுவதைக் கடைசியிலிருந்து முதலுக்குப் படித்தால் அதுவே டெனர். மூன்றாவது குரல் பாதி தூரம் போய், வந்த வழியே திரும்பும். கையெழுத்துப் பிரதியில் மூன்றையும் முழுதாக எழுதவே இல்லை. இரண்டாவது குரலும், மூன்றாவதன் மறு பாதியும் பாடுகிறவன் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டியது. சில பிரதிகளில் வரியைத் தலைகீழாக எழுதி வைத்திருக்கிறார்கள், பக்கத்தைத் திருப்பிப் பிடி என்று.

சோதிக்க எளிய வழி: பதிவைக் கைப்பேசியில் போட்டு, பின்னோக்கி ஓட்டும் செயலியில் ஓட்டுங்கள். அதே பாட்டு கேட்கும்.

24 பிப்ரவரி 2024

கேட்காது. நானே செய்து பார்த்தேன். ஒவ்வொரு சுரமும் வால் முதலில் வந்து தலை பிறகு வருகிறது. யாரோ பாட்டை உறிஞ்சிக் குடிப்பதுபோல இருக்கிறது. தாளில் பின்னோக்கிப் படிப்பது வேறு, ஒலியைப் பின்னோக்கி ஓட்டுவது வேறு. எழுதும் முன் செய்து பார்த்திருக்க வேண்டும். செயலிக்குக் காசு கொடுத்தவர் மன்னிக்கவும்.

பரிகாரமாக உருப்படியாக ஒன்று. ரோந்தோவுக்கு இரண்டே மெட்டுத் துண்டுகள், முதல் பாதி, இரண்டாம் பாதி. எட்டு வரியில் அவை வரும் வரிசை: முதல், இரண்டு, முதல், முதல், முதல், இரண்டு, முதல், இரண்டு. இந்தப் பாட்டின் வார்த்தையைப் பாருங்கள், பாட்டு தன்னைப் பற்றியே பேசுகிறது: 'என் மூன்றாம் குரல் மூன்று தடவை மட்டுமே திரும்பி நடந்து, அப்படியே முடிகிறது.' ஏன் மூன்று? முதல் பாதியிலிருந்து இரண்டாம் பாதிக்குக் கடப்பது அந்த எட்டு வரியில் சரியாக மூன்று தடவைதான். அந்த இடத்தில்தான் மூன்றாம் குரல் திரும்ப முடியும். கவிதையே பாடும் முறைக்கான குறிப்பு. வரியும் மெட்டும் ஒருவர் கையில் இருந்தால் மட்டுமே இப்படிச் செய்யலாம்.

இவருக்குப் பின்னால் பிரான்சில் கவிதை ஒரு பக்கமும் இசை ஒரு பக்கமுமாகப் பிரிந்து போகின்றன. இளைய கவிஞர் தெஷான் 1392-இல் எழுதிய நூலில் கவிதையை 'இயற்கை இசை' என்றும், மெட்டுள்ள பாட்டைச் 'செயற்கை இசை' என்றும் பிரிக்கிறார். தெஷானுக்கு மெட்டுப் போட வராது. மச்சான் செத்தபோது அவர் எழுதிய இரங்கற் பாவுக்கு ஆந்திரியே என்பவர்தான் இசை அமைத்தார். 'மஷோவின் மரணம்' என்று நான்கு குரலும் ஒன்றாக வந்து நிற்கும் இடம் ஒன்று அதில் உண்டு. தனியாகக் கேட்க வேண்டாம்.

9 மார்ச் 2024

ரான்ஸ் போய்விட்டு வந்தேன். கிழக்கு ரயில் நிலையத்திலிருந்து முக்கால் மணி நேரம்தான், இத்தனை வருடம் போகாமல் இருந்தது சோம்பேறித்தனம்.

பேராலயத்தில் அவர் பெயரைத் தேடினேன். சகோதரர்களின் நினைவுப் பலகை ஒன்று இருந்தது, அதன் வாசகம் பிற்காலப் படியில்தான் மிஞ்சியிருக்கிறது. பலகை போய்விட்டது. நடுக் கூடத்தில் தரையில் ஒரு கல் இருக்கிறது, ஆயர் நிக்காசியுஸ் தலை வெட்டுண்டு இறந்த இடம் என்று பொறித்திருக்கிறார்கள். அந்த இடத்தை ஒட்டியிருந்த பீடத்தில்தான் அந்தச் சனிக்கிழமைத் திருப்பலி நடந்தது. இப்போது பீடமும் இல்லை, நாற்காலி வரிசை. ஒரு பள்ளிக் கூட்டம் அந்தக் கல்மேல் நின்று, சிரிக்கும் தேவதைச் சிலை எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டிருந்தது.

கூட்டம் நகர்ந்த பிறகு நானும் அங்கே நின்றேன். சத்தமில்லாமல் என் 28 சுரத்தை வாய்க்குள் பாடிப் பார்த்தேன். ஒரு சுற்றுக்கு ஒரு மூச்சு. ஐந்தாவது சுற்றில் காவலர் வந்து பையைத் தரையில் வைக்கக் கூடாது என்றார்.

முதல் பதிவில் 'அங்கே போய்க் காதலைத் தேடினால் எப்படி' என்று எழுதினேன். நான் செத்த பிறகும் சனிக்கிழமை சனிக்கிழமை எனக்காகவும் என் தம்பிக்காகவும் யாராவது பாடட்டும் என்று ஒருவர் காசு கட்டியிருக்கிறார். காதல் என்ற சொல் பொருந்தாதுதான். என் தம்பி டொராண்டோவில் இருக்கிறான், பேசி நாலு மாதம் ஆகிறது. அன்று ரயிலில் கூப்பிட்டேன்.

11 மார்ச் 2024

தனிமைக் காலத்தில் இவரை எப்படிப் பிடித்தது என்று கேட்டிருந்தார் ஒருவர். 2020 மார்ச்சில் ஓட்டலை மூடிவிட்டார்கள், வீட்டில் அடைந்து கிடந்தேன். அப்போதுதான் இவருடைய 'நவார் அரசரின் தீர்ப்பு' என்ற நெடுங்கவிதையின் முன்னுரையைப் படித்தேன். 1349, நவம்பர் 9, பொழுது சாயும் நேரம், அறைக்குள் தனியாக உட்கார்ந்திருக்கிறார். வெளியே கொள்ளைநோய். புதைக்க ஆளில்லை. வசந்தம் வரும்வரை வெளியே வருவதில்லை. ஒரு நாள் தெருவில் வாத்திய ஒலி கேட்கிறது, என்ன என்று விசாரிக்கிறார், நோய் போய்விட்டது என்கிறார்கள். குதிரை ஏறி முயல் வேட்டைக்குப் போகிறார். எனக்கு அந்த முயல் வேட்டை ரொம்பப் பிடித்தது.

ஆனால் அதே முன்னுரையில், யூதர்கள் கிணற்றில் நஞ்சு கலந்தார்கள் என்ற பழியையும் அப்படியே திருப்பிச் சொல்கிறார். அந்தப் பொய்யை வைத்துத்தான் அன்று ஊர் ஊராக அவர்களைக் கொன்றார்கள். எழுதுகிறவர் படித்தவர், ஊர் சுற்றியவர், எந்தக் கூச்சமும் இல்லாமல் எழுதுகிறார். 2020-இல் படித்தபோது இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விட்டேன். முயலை மட்டும் நாலு பேருக்குச் சொன்னேன். இந்த இழையில் அவரை மச்சான் மச்சான் என்று கொஞ்சிக்கொண்டிருப்பதால் இதையும் சொல்லிவிட வேண்டும்.

12 மார்ச் 2024

மேலே 'இரண்டாவது குரலும் பாடுகிறவன் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்' என்று எழுதியதை வைத்து, அவர் பாடுகிறவருக்குச் சுதந்திரம் கொடுத்தவர் என்று ஒருவர் முடிவு கட்டியிருக்கிறார். தலைகீழ். தன் எழுத்தில் யாரும் கை வைக்கக் கூடாது என்பதில் பிடிவாதக்காரர். தன் படைப்பு எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாகப் படியெடுக்க வைத்தார். 1370-களில் எழுதிய ஒரு பிரதியின் பொருளடக்கத்துக்கு மேலே 'கி. த மஷோ தன் புத்தகத்தில் இருக்க விரும்பும் வரிசை இது' என்றே போட்டிருக்கிறது. பாட்டு எழுதினாலும், பாடக் கேட்டுப் பார்க்காமல் வெளியே விடும் பழக்கம் இல்லை என்று பெரோனுக்கு ஒரு கடிதத்தில் சொல்கிறார்.

28 ஏப்ரல் 2024

ஆறு வாரமாக இந்தப் பக்கம் வரவில்லை, குழுவில் புதுப் பாட்டு. அதைப் பற்றித்தான்.

பெரோனுக்கு ஒரு பலாத், அதாவது ஒவ்வொரு கண்ணியும் பல்லவியில் முடியும் பாட்டு, அனுப்புகிறார். கூடவே கடிதம்: ரொம்ப நாளாக இவ்வளவு நல்லதாக ஒன்று நான் செய்ததில்லை; ஜெர்மானியப் பாங்கில் இருக்கிறது; உள்ளபடியே கற்றுக்கொள், எதையும் சேர்க்காதே, எதையும் எடுக்காதே; நன்றாக நீட்டி மெதுவாகப் பாட வேண்டும்; ஆர்கனிலோ துருத்திக் குழலிலோ வாசித்தாலும் அதற்குப் பொருந்தும். டெனர் எப்படி இருக்கிறதாம் தெரியுமா? உப்பில்லாத கஞ்சிபோல இனிமையாக.

பாராட்டாகத்தான் சொல்கிறார்! உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று வளர்ந்த எனக்கு இதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. வயிற்றுக்கு இதமான, குழந்தைக்குக் கொடுக்கிற கஞ்சி என்று எடுத்துக்கொண்டால் சரியாக வருகிறது.

பாட்டின் வார்த்தை: விண்மீன்கள் மிகத் தெளிவாக மின்னும்போது அவற்றை எப்படி எண்ண முடியாதோ, மழைத் துளியையும் கடல் துளியையும், கடல் படர்ந்து கிடக்கும் மணலையும் எப்படி எண்ண முடியாதோ, வானத்தின் சுற்றளவை எப்படி அளக்க முடியாதோ, அப்படியே உன்னைக் காண எனக்கிருக்கும் பேராசையை எண்ணிப் பார்க்கவும் முடியாது.

கேள்வி கேட்டவரே, இன்னும் இங்கே இருக்கிறீர்களா? நீங்கள் கணக்கு வாத்தியார் என்றதும் எனக்குக் கோபம் வந்தது. இப்போது பாதி ஒப்புக்கொள்கிறேன். இந்த மனிதர் எதைப் பார்த்தாலும் எண்ணுகிறார். சுரத்தை, சுற்றை, எழுத்தை. இந்த ஒரு பாட்டில் மட்டும் கைவிரித்துவிடுகிறார், அந்த ஆசையைப் பல்லவியாக மூன்று தடவை திருப்பித் திருப்பி வைக்கிறார். பாடும்போது அந்த வரி வருகிற இடத்தில் மேல் குரல் இறங்கி இறங்கி வந்து தங்கும்.

30 ஏப்ரல் 2024

கேட்டேன், வாய்ப்பாடு இல்லை, ஆனால் தூக்கம் வந்தது என்கிறீர்கள். மெதுவாகப் பாடச் சொன்னது அவர்தான், என்னைக் கேட்காதீர்கள்.

ஜூனில் எங்கள் நிகழ்ச்சி. மூன்று குரலில் எனக்கு எது என்று ஒருவர் கேட்டார். டெனர்தான். கஞ்சி.